தலைவாசல் கதவுக்கு நிறமே குடை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் தேக்குக் கதவுக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். அந்தத் தேக்கைக் காக்கும் பூச்சுக்கு மட்டும் நாள் ஒதுக்குவதில்லை. எந்தத் திசைக்கு எந்தப் பூச்சு, எந்த மாதத்தில் அடிப்பது, எப்படி அடிப்பது?

வீடு கட்டும்போது நாள் பார்த்து, பூஜை போட்டு நிறுத்தப்படும் மரம் ஒன்று உண்டு. அது தலைவாசல் நிலை. அடியில் நவதானியமும் நாணயமும் வசதிப்பட்டால் பொட்டுத் தங்கமும் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, மாவிலை கட்டி நிமிர்த்துகிறோம். அந்த மரியாதை அன்றோடு முடிந்துவிடுகிறது. மறுநாளிலிருந்து அதே நிலையின் மேல் சிமென்ட் சாந்து தெறிக்கிறது. சுவருக்கு அடிக்கும் கியூரிங் தண்ணீர் மாதக்கணக்கில் அதன் காலில் தேங்குகிறது. கிரில் வைக்க வருபவரின் கட்டிங் மெஷினிலிருந்து பறக்கும் இரும்புப் பொறி அதன் முகத்தில் ஒட்டுகிறது. கடைசியில், கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பாலிஷ்காரரைக் கூப்பிட்டு, "பளபளன்னு இருக்கணும்" என்று சொல்லிவிடுகிறோம்.

விளைவைப் பார்க்கத் தொலைவு போக வேண்டியதில்லை. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பட்டாபிராம், திருநின்றவூர், திருவேற்காடு, மாங்காடு என்று நான்கு பக்கமும் தனிவீடுகள் எழும்பியிருக்கின்றன. அங்கே கட்டி இரண்டு மூன்று வருடமான தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். வெயில் படும் கதவில் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருக்கும். நிலையின் கால் கறுத்திருக்கும். கஜலட்சுமி செதுக்கிய பலகையின் மேல்பாதி பொன்னிறமாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் இருக்கும். மரம் நல்ல மரம்தான், செதுக்கிய கையும் நல்ல கைதான். பூச்சு மட்டுமே தோற்றிருக்கிறது.

தோல்விக்குக் காரணம் நாம் முடிவெடுக்கும் வரிசை. கடைக்குப் போய் நிற அட்டையைப் பார்த்து, வால்நட்டா ரோஸ்வுட்டா என்று முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது திசை, அடுத்தது நிழல், அதற்கடுத்தது மாதம். டப்பா அதற்குப் பிறகுதான்.

வெயில் உள்ளே நுழைகிறது

மரத்தின் நார்களைப் பிணைத்துவைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் இந்த லிக்னினை உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சும் வெறும் நார்தான் நாம் பார்க்கும் சாம்பல் நிறம். இது மக்கல் அல்ல, மேல்தோல் தேய்வது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910-இல் தொடங்கப்பட்ட மர ஆய்வுக்கூடத்தின் கணக்குப்படி, பூச்சே இல்லாத பைன் போன்ற மென்மரங்கள்கூட நூறு ஆண்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் இப்படித் தேய்கின்றன.

அப்படியானால் இரண்டு வருடத்தில் கதவு ஏன் பாழாகிறது? நிறமில்லாத, பளபளக்கும் வார்னிஷ் வழியாகப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி உள்ளே நுழைந்துவிடுகிறது. வார்னிஷுக்கு அடியில் லிக்னின் உடைகிறது. பிடித்துக்கொள்ள அடித்தளம் இல்லாமல் வார்னிஷ் படலம் தூக்கிக்கொள்கிறது. ஒரு முடியளவு விரிசல் விழுந்தால் போதும், மழைநீர் உள்ளே போய்விடும். படலம் மூடியிருப்பதால் அது எளிதில் வெளியே வராது. அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது, மரம் கறுக்கிறது.

வெயிலை மரத்துக்கு முன்பே தடுத்து நிறுத்துவது பூச்சில் உள்ள நிறமித்தூள்தான். இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன. நிறம் எவ்வளவு அடர்த்தியோ, குடை அவ்வளவு பெரிது. கடையில் ஸ்டெயின் என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் நிறமித்தூள் இருக்கும். மற்றதில் கரைந்த சாயம் இருக்கும். சாயம் மரரேகையை அழகாகக் காட்டும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குச் சாயம் போதும். வெளிக்கதவுக்கு நிறமி வேண்டும். "பிக்மென்ட் ஸ்டெயினா, டை ஸ்டெயினா?" என்று கேட்டு வாங்குங்கள்.

வெயில் மேலிருந்து தாக்குகிறது என்றால், தண்ணீர் ஓரங்களிலிருந்து வருகிறது. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். சென்னைக் காற்றில் அது பொதுவாக 12-லிருந்து 16 சதவீதத்துக்குள் ஏறி இறங்குகிறது. ஈரம் ஏறும்போது பலகை அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஐப்பசியில் கதவு இறுக்கிக்கொள்வது இதனால்தான். அப்போது ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். இழைத்த கதவு சித்திரையில் காய்ந்து சுருங்கும்போது விரல் நுழையும் இடைவெளி விட்டு நிற்கும்.

வாஸ்து விரும்பும் திசையில் மழை

நம் பக்கத்தில் கிழக்கு, வடக்கு வாசலைத்தான் பெரும்பாலும் விரும்புகிறார்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. காற்றோடு சாய்ந்து அடிக்கும் அந்தச் சாரல் நேராக விழுவது கிழக்கு, வடக்கு முகங்களில்தான். ஆக, நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் வாசலே மழையை மார்பில் வாங்கும் வாசல். அங்கே தண்ணீரை விலக்கும் பூச்சும் அடைத்த ஓரங்களும் முக்கியம்.

மேற்கு வாசலுக்கு வேறு சோதனை. மதியம் இரண்டு மணிக்கு மேல் சாயும் வெயில் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து கதவை முழுதாகச் சுடும். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் கடற்காற்று தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. ஜூலைக்குப் பிறகு மாலையில் மேற்கிலிருந்து வரும் இடிமழையும் இந்தப் பகுதிகளைத்தான் முதலில் நனைக்கிறது. மேற்குக் கதவுக்கு அடர்ந்த நிறமே சரி.

வடக்கு வாசலில் வெயிலே படாது என்பதும் தவறு. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே போகிறது. அப்போது வடக்குச் சுவரும் காய்கிறது.

எந்தத் திசையானாலும் முதல் பூச்சு நிழல். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே இருக்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில், கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்கந்தூண்கள் இருக்கின்றன. புழல் கோட்டையை வென்ற தொண்டைமான் கொண்டுவந்து நிறுத்தியவை என்பது தலபுராணச் செய்தி. எருக்கு ஒரு செடி. வைரம் பாய்ந்த மரமே அல்ல. கல்மண்டபத்தின் நிழலில், நனையாமல் நிற்பதால்தான் அது தாங்குகிறது. தேர்களுக்கும் இதே வைத்தியம்தான். திருவிழா முடிந்ததும் தகரம் போட்டு மூடிவிடுகிறார்கள். தலைவாசலுக்கு மேல் சன்ஷேடை இரண்டு அடி நீட்டினால், அது எந்த விலை உயர்ந்த டாப் கோட்டையும் விடக் கதவைக் கூடுதலாகக் காக்கும். வீட்டு வரைபடம் போடும் நாளிலேயே எஞ்சினியரிடம் கேட்க வேண்டியது இது.

எந்த டப்பா?

பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. நம் நாட்டு அரக்கு, நம் தச்சர்களின் கை பழகிய பூச்சு. ஆனால் தண்ணீர் பட்டால் வெள்ளை பூக்கும். வீட்டுக்குள் மட்டும். மெலமைனும் அப்படித்தான். உள்ளே கண்ணாடிபோல் நிற்கும், வெளியே வெடிக்கும்.

பி.யு. எனப்படும் பாலியூரிதேனில் உள்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு உண்டு. உள்பக்க பி.யு. வெயிலில் மஞ்சளாகும். டப்பாவில் "எக்ஸ்டீரியர்" என்று இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். வெளிப்பக்க பி.யு. கெட்டியான படலம். நிறமி ஸ்டெயினுக்கு மேல் அடித்து, போர்டிகோ நிழலில் இருந்தால் நன்றாக உழைக்கும். ஆனால் ஒருமுறை உரியத் தொடங்கினால் முழுக்கச் சுரண்டித்தான் மறுபடி அடிக்க முடியும்.

மரத்துக்குள் இறங்கும் வெளிப்புற ஸ்டெயின் மேலே படலம் கட்டாது. பளபளப்பும் குறைவு. ஆனால் அது உரியாது, மெல்ல மங்கும். மங்கியதும் கழுவி, லேசாகத் தேய்த்து, மேலே ஒரு கோட் அடித்தால் போதும். மழை நேராக விழும் கேட், பால்கனிக் கைப்பிடி, மாடித்தோட்டப் பந்தல், திறந்தவெளி ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் என் தேர்வு இதுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை, பத்து வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி எடுக்கும் வேலையைவிட எவ்வளவோ மேல்.

ஆளிவிதை எண்ணெயைக் கொதிக்கவைத்துத் தடவுவது பழைய பழக்கம். வறண்ட ஊரில் சரி. நம் ஈரக்காற்றில் அந்த எண்ணெயே பூஞ்சைக்கு உணவாகிக் கதவு கறுக்கும். முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் கரையானையும் ஈரத்தையும் தடுக்கும். ஆனால் கருநிறமாகிவிடும், கையில் பட்டால் தோல் வெந்துபோகும். கூரைச் சட்டங்களுக்கு அது பொருந்தும், தலைவாசலுக்குப் பொருந்தாது.

மரம் தேக்கு இல்லை என்றால்? நிலைக்கு மலேசியன் சாலும், கதவுக்கு வேறு மரமும் போடும் வீடுகள் ஏராளம். இரண்டும் ஒரே ஸ்டெயினை ஒரே மாதிரி குடிக்காது. ஒரே பலகையில்கூட வைரம் வேறு நிறம் காட்டும், வெளுப்பு வேறு நிறம் காட்டும். அதனால் ஆசாரியிடம் இரண்டு மரத்திலும் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கி, ஸ்டெயினும் டாப் கோட்டும் அடித்துக் காயவைத்து, வாசலிலேயே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கடையின் ட்யூப்லைட்டில் பார்த்த நிறம் வேறு, தெருவில் தெரியும் நிறம் வேறு.

மூன்றரைக்கு ஏழு அடிக் கதவுக்கு இருபுறமும் சேர்த்து 49 சதுர அடி. நிலையோடு ஏறக்குறைய 65. இரண்டு கோட்டுக்கு 130 சதுர அடி. லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி என்று வைத்தால் ஒன்றே கால் லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வேண்டும். டப்பாவின் கணக்கைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சில் வாங்கிவிடுங்கள்.

முகூர்த்தம் ஒன்று, பூச்சுக்கு நாள் வேறு

நம் நாட்காட்டியே இந்த வேலைக்கு இடைஞ்சலாக நிற்கிறது. மார்கழியில் கிரகப்பிரவேசம் இல்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் குவிகின்றன. ஆகவே தைக்குப் புகும் வீடுகளின் கதவுகளுக்குக் கார்த்திகையிலும் மார்கழியிலும் பாலிஷ் நடக்கிறது. மழை முழுதும் குடித்து, உள்ளே ஈரம் தேங்கி நிற்கும் மரத்தின் மேல் படலம் கட்டுகிறோம். ஆவணியில் புகும் வீடுகளுக்கு ஆடியில் பூச்சு. அப்போது மாலை இடிமழை.

இந்த வேலைக்கு ஏற்றது தை கடைசியிலிருந்து பங்குனி வரை. சென்னையில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் மழை மிகக் குறைவு. காலைப்பனி விலகிய பிறகு ஒன்பது மணிக்குத் தொடங்கலாம். சித்திரை வெயிலில் பலகை சுடும். ஸ்டெயின் விரிவதற்குள் காய்ந்து, பிரஷ் தடம் பட்டை பட்டையாக நின்றுவிடும்.

முகூர்த்தத்தை மாற்றச் சொல்லவில்லை. வேலையை இரண்டாகப் பிரியுங்கள். புகுவிழாவுக்கு முன் நன்றாகத் தேய்த்து, ஒரே ஒரு மெல்லிய கோட் ஸ்டெயின். அன்றைக்குக் கதவு பார்க்கவும் லட்சணமாக இருக்கும், மரமும் மூச்சுவிடும். மாசியில் பாலிஷ்காரரை மறுபடி வரவழைத்து மீதிக் கோட்டுகள். ஒப்பந்தம் பேசும்போதே இதை எழுதிக்கொண்டு, கூலியில் ஒரு பங்கை அந்த இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள்.

வேலை நடக்கும் முறை

கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு ஸ்டூலின் மேல் படுக்கவைப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. நிற்கும் கதவில் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எட்டாது. எட்டாததால் அங்கே பூச்சே விழுவதில்லை. மரத்தின் வெட்டுமுனைதான் தண்ணீரை மிக வேகமாக உறிஞ்சும் இடம். முகத்துக்கு இரண்டு கோட் என்றால் அந்த முனைகளுக்கு மூன்று கோட்.

உப்புத்தாள் 80-இல் தொடங்கி 120, பிறகு 150. எப்போதும் மரரேகையோடு தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் ஸ்டெயின் பட்டதும் கறுப்புக் கோடாக எழும். வெளிமரத்தை 180-க்கு மேல் வழுவழுப்பாக்க வேண்டாம், ஸ்டெயின் உள்ளே இறங்காது. ஸ்டீல் உல்லால் தேய்க்கவே கூடாது. அதன் துகளும் கிரில் வேலையின் பொறியும் மரத்திலுள்ள டேனினோடு சேர்ந்து கருங்கறையாகும். கறை ஏற்கெனவே விழுந்திருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைக் கையுறை போட்டுத் தடவி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிடுங்கள். அது விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

தூசியைத் துடைத்தபின் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் மரம் குடித்துவிட்டால் தயார். முத்தாக நின்றால் பழைய பூச்சோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் ஸ்டெயின் போட வேண்டும்.

நிறமி டப்பாவின் அடியில் தங்கியிருக்கும். குச்சியால் அடியிலிருந்து கிளறுங்கள், வேலை நடுவிலும் கிளறுங்கள். பலகைகள் முதலில், பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெடுஞ்சட்டங்கள். ஒரு பலகையைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் அடுத்தது. சில நிமிடம் ஊறவிட்டு, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. அடுத்த கோட்டுக்கு ஒரு நாள் இடைவெளி.

நிலைக்கு இன்னொரு விஷயம். சுவரைத் தொடும் பின்பக்கத்துக்கு, நிலையை நிறுத்துவதற்கு முன்பே தாரோ பிரைமரோ அடித்தாக வேண்டும். சுவர் எழும்பிய பிறகு அந்தப் பக்கத்தை யாரும் தொட முடியாது. முன்பக்கத்துக்கு ஒரு கோட் ஸ்டெயின் அடித்து, பாலித்தீன் சுற்றிவிட்டால் சாந்தும் கியூரிங் தண்ணீரும் நேரே படாது. அடியில் மட்டும் காற்று போக வழி விடுங்கள்.

மஞ்சளும் மாவிலையும்

வெள்ளிக்கிழமைதோறும் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசும் வீட்டில், நிலைக்கால் படியைத் தொடும் மூட்டுதான் முதலில் கறுக்கும். பழக்கத்தை விட வேண்டாம். மூட்டை எபாக்ஸியால் அடையுங்கள். குடம் குடமாக ஊற்றாமல், பிழிந்த துணியால் துடைத்துவிட்டு மஞ்சள் வையுங்கள். மாவிலைத் தோரணத்துக்கு ஆண்டுதோறும் புது ஆணி அடிப்பதும் ஒவ்வோர் ஆணித்துளையிலும் தண்ணீர் இறங்குவதும் வழக்கமாகிவிட்டது. கதவு மாட்டும் நாளிலேயே இரண்டு பித்தளைக் கொக்கிகளைத் திருகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி சுற்றுப்புறத்திலும் வெள்ளம் தேங்கியது. அப்படித் தண்ணீரில் நின்ற கதவை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். முழுதாகக் காய வாரக்கணக்காகும். அதுவரை எந்தப் பூச்சும் கூடாது.

பாதுகாப்புக்கு நான்கு

• எண்ணெய்ப்பசையுள்ள ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

• பி.யு. ஹார்டனரின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். ஸ்பிரே அடிப்பவருக்கு ஆவியைத் தடுக்கும் முகமூடி வாங்கிக்கொடுங்கள். துணி கட்டுவது போதாது.

• வீட்டுப் பெயின்ட்டில் ஈய அளவை 90 பி.பி.எம்.முக்குள் அடக்கும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கதவின் பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேயுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகே வேண்டாம்.

• தின்னர் டப்பா திறந்திருக்கும் இடத்தில் கற்பூரமும் விளக்கும் ஏற்றாதீர்கள்.

ஆண்டுக்கொருமுறை

நார்வேயின் போர்குண்ட் மரத்தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டது. பனியிலும் மழையிலும் அது நிற்பதற்கு ஒரு காரணம், பைன் மரத்தாரைத் தலைமுறை தலைமுறையாக மறுபடி மறுபடி பூசிவருவது. ஒரே ஒருமுறை அடித்து முடிந்துபோகும் பூச்சு உலகில் எங்குமே கிடையாது. ஒவ்வொரு தையிலும், மழை ஓய்ந்ததும், கதவைச் சோப்புத் துணியால் துடைத்துவிட்டு ஓரங்களைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் முத்தாக நிற்காத இடத்தில் ஒரு கோட் அடியுங்கள்.

நிலம்பூர் போன்ற தோட்டங்களில் ஒரு தேக்கு வெட்டும் பருவத்துக்கு வர ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆகின்றன. நம் தாத்தா காலத்தில் நட்டதை வாங்கி வாசலில் நிறுத்துகிறோம். அதை மூன்று நாள் அவசரத்தில் கெடுத்துவிட்டு, ஏழெட்டு வருடத்தில் புதுக்கதவுக்கு அலைவது பணத்துக்கும் காட்டுக்கும் செய்யும் அநியாயம். வீடு கட்டத் தொடங்கியிருந்தால், இந்த வாரமே பாலிஷ்காரரைத் தளத்துக்கு அழைத்துவாருங்கள். எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் சாரல் என்று அவர் பார்க்கட்டும். எத்தனை நாள் வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் நாட்களைக் குறைக்காமல் கொடுங்கள்.